‘மழை பெய்யும் வரை’ என்றால் கம்ப்யூட்டர் என்ன செய்யும்? பேசிக் மொழியின் நிபந்தனை லூப் - ஓர் எளிய விளக்கம்

சென்னை கலங்கரை விளக்கத்தில் இருந்து பட்டினப்பாக்கம் பக்கம் போகிறவர்களுக்கு லூப் ரோடு தெரியாமல் இருக்காது. சாந்தோம் நெடுஞ்சாலைக்கு இணையாக, கடலை ஒட்டி, நொச்சிக்குப்பம் வழியாகப் போகும் சாலை அது. பெரிய ரோட்டை விட்டுப் பிரிந்து, கொஞ்ச தூரம் தனியாகப் போய், மறுபடியும் பெரிய ரோட்டிலேயே வந்து சேர்ந்துவிடும்.

கம்ப்யூட்டர் புரோகிராமிலும் ‘லூப்’ உண்டு. ஆனால் ஒரு வித்தியாசம். லூப் ரோட்டில் ஒருமுறை போனால் மறுமுனையில் வெளியே வந்துவிடலாம். புரோகிராம் லூப்பில் சுற்றினால் ஆரம்பித்த இடத்துக்கே வந்து நிற்போம். அங்கிருந்து வெளியே விடுவதா, இன்னொரு சுற்று அனுப்புவதா என்பதை ஒரு கேள்விக்கான பதில்தான் முடிவு செய்யும். அந்தக் கேள்விக்குப் பெயர் நிபந்தனை. கேள்வி தப்பாக இருந்தால் புரோகிராம் சுத்திக்கிட்டே இருக்கும். அல்லது சுற்ற வேண்டிய இடத்தில் சுற்றாமலே வெளியே வந்துவிடும்.

‘பேசிக் எல்லாம் அப்பா காலத்து விஷயமாச்சே’ என்று நினைக்க வேண்டாம். ஆபீஸில் எக்ஸெல் மேக்ரோ எழுதுகிறவர்கள் இன்றும் எழுதுவது பேசிக்கின் வாரிசைத்தான். மேக்ரோவை ஓட்டியதும் திரை அப்படியே உறைந்துபோன அனுபவம் இருந்தால், நீங்களும் இந்த லூப்பில் மாட்டியவர்தான்.

பேசிக் எங்கிருந்து வந்தது?

அமெரிக்காவின் டார்ட்மவுத் கல்லூரியில் கணிதப் பேராசிரியர்களாக இருந்த ஜான் கெமனி, தாமஸ் கர்ட்ஸ் இருவரும் உருவாக்கிய மொழி இது. 1964 மே 1 அதிகாலை 4 மணிக்கு முதல் பேசிக் புரோகிராம்கள் ஓடின. அறிவியல் படிக்காத மாணவர்களும் கம்ப்யூட்டரைத் தாங்களே இயக்க வேண்டும் என்பதுதான் நோக்கம். அதனால் கட்டளைகள் குறைவு. எல்லாம் சாதாரண ஆங்கிலச் சொற்கள்.

அந்த முதல் பேசிக்கில் நிபந்தனை லூப்புக்கென்று தனிக் கட்டளை கிடையாது. ‘இஃப்’ போட்டு ஒரு கேள்வி கேட்க வேண்டும். ‘கோ டு’ போட்டு இத்தனையாவது வரிக்குத் திரும்பிப் போ என்று சொல்ல வேண்டும். ஒவ்வொரு வரிக்கும் 10, 20, 30 என்று எண் இருந்தது இதற்காகவும்தான்.

சின்ன புரோகிராமுக்கு இது போதும். புரோகிராம் வளர வளர, எந்த வரியில் இருந்து எந்த வரிக்குத் தாவுகிறது என்று எழுதியவருக்கே புரியாமல் போகும். நெதர்லாந்து கணினி அறிஞர் எட்ஸ்கர் டைக்ஸ்ட்ரா 1968-ல் ‘கோ டு’ கட்டளைக்கு எதிராக எழுதிய கடிதம் இத்துறையில் பெரிய விவாதத்தைக் கிளப்பியது. பின்னால் வந்த பேசிக் வகைகளில் ‘வைல்’, ‘ரிப்பீட்’, ‘டூ’ போன்ற லூப் கட்டளைகள் இடம்பிடித்தன. ஆரம்பம் இது, முடிவு இது என்று லூப்பின் எல்லை அவற்றில் கண்ணுக்குத் தெரியும்.

எண்ணிக்கை தெரியுமா, தெரியாதா?

லூப் எழுத உட்காரும்போது முதலில் கேட்க வேண்டியது, எத்தனை முறை சுற்ற வேண்டும் என்பது முன்கூட்டியே தெரியுமா? கடற்கரையில் இருந்தே இதற்கு இரண்டு உதாரணங்கள் சொல்லலாம்.

தமிழகத்தின் கிழக்குக் கடற்கரையில் ஆண்டுதோறும் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடைக்காலம். மொத்தம் 61 நாட்கள். நொச்சிக்குப்பம் மாதிரியான குப்பங்களின் சிறிய ஃபைபர் படகுகள் இந்தத் தடைக்குள் வராது. காசிமேட்டில் நிற்கும் விசைப்படகுகளுக்குத்தான் இது. எத்தனை நாள் என்று முதல் நாளே தெரிவதால் இதை ‘ஃபார்’ லூப்பில் எழுதலாம். (கட்டளைகளைக் கம்ப்யூட்டரில் ஆங்கில எழுத்தில்தான் அடிக்க வேண்டும். படிக்க வசதியாக இங்கே தமிழ் எழுத்தில் தரப்படுகிறது.)

10 ஃபார் நாள் = 1 டு 61
20 பிரிண்ட் "தடை நாள்"; நாள்
30 நெக்ஸ்ட் நாள்

61 முறை சுற்றும், நின்றுவிடும். அவ்வளவுதான்.

புயல் எச்சரிக்கை அப்படியில்லை. துறைமுகத்தில் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றினால், அது இரண்டு நாளில் இறங்குமா, ஐந்து நாளில் இறங்குமா என்று யாருக்கும் தெரியாது. ஒவ்வொரு நாளும் கேட்டுத் தெரிந்துகொள்வதுதான் ஒரே வழி. ‘வைல்’ லூப் செய்வதும் அதைத்தான். 1980-களில் பரவலான ஜிடபிள்யூ-பேசிக்கில் இப்படி எழுதலாம்.

10 இன்புட் கூண்டு
20 வைல் கூண்டு > 0
30 பிரிண்ட் "கடலுக்குப் போக வேண்டாம்"
40 இன்புட் கூண்டு
50 வெண்ட்
60 பிரிண்ட் "படகை இறக்கலாம்"

கூண்டு எண் 0-க்கு மேல் இருக்கிறதா? ஆம் என்றால் உள்ளே போய், எச்சரித்து, புதிய எண்ணைக் கேட்டு, ‘வெண்ட்’ வந்ததும் மீண்டும் 20-வது வரிக்குப் போகும். இல்லை என்றால் நேராக 60-வது வரி. நிஜத்தில் கூண்டு மட்டுமே அளவுகோல் இல்லை. வானிலை ஆய்வு மையம் மீனவர்களுக்குத் தரும் எச்சரிக்கை, ஹைதராபாத்தில் உள்ள இன்காய்ஸ் மையம் தரும் அலை எச்சரிக்கை, அனுபவஸ்தர்கள் காற்றையும் நீரோட்டத்தையும் பார்த்துச் சொல்வது எல்லாமே உண்டு. புரோகிராம் புரிவதற்காக இங்கே ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்வோம்.

கேள்வி முன்னாலா, பின்னாலா?

மேலே உள்ள லூப்பில் கேள்வி வாசலிலேயே நிற்கிறது. முதல் நாளே கூண்டு எண் 0 என்றால், லூப்புக்குள் இருக்கும் வரிகள் ஒருமுறைகூட ஓடாது. படகு விஷயத்தில் இதுதான் சரி. கடலில் இறங்கிவிட்டு ‘புயல் இருக்கா?’ என்று கேட்பது யாருக்கும் உதவாது.

எல்லா வேலையும் அப்படியில்லை. வலையை ஒருமுறையாவது வீசி இழுத்தால்தான் மீன் கிடைத்ததா என்று தெரியும். இங்கே வேலை முதலில், கேள்வி பிறகு. இதற்குத்தான் ‘ரிப்பீட் - அன்டில்’.

10 மொத்தம் = 0
20 ரிப்பீட்
30 இன்புட் மீன்
40 மொத்தம் = மொத்தம் + மீன்
50 அன்டில் மொத்தம் >= 50
60 பிரிண்ட் "கரைக்குத் திரும்பு"

50 கிலோ சேரும் வரை வலை வீசச் சொல்கிறது இந்த புரோகிராம். கேள்வி கடைசியில் இருப்பதால் ஒருமுறையாவது வலை விழுந்தே தீரும்.

இந்த இரண்டு வகைக்கும் இந்தியப் பள்ளிகளோடு ஒரு தொடர்பு உண்டு. மத்திய அரசு 1984-85-ல் பள்ளிகளில் கம்ப்யூட்டர் அறிமுகத் திட்டத்தைத் தொடங்கியபோது கொடுத்த இயந்திரம், பிரிட்டனின் பிபிசி மைக்ரோ. அதிலிருந்த பேசிக்கில் ‘ரிப்பீட் - அன்டில்’ இருந்தது, ‘வைல்’ கிடையாது. பிறகு வந்த பிசி-க்களின் ஜிடபிள்யூ-பேசிக்கில் ‘வைல் - வெண்ட்’ இருந்தது, ‘ரிப்பீட்’ கிடையாது. ஆக, பள்ளியில் எந்தப் பெட்டி இருந்ததோ அதைப் பொறுத்து, சிலர் கேள்வியைப் பின்னால் கேட்கப் பழகினார்கள். சிலர் முன்னால் கேட்கப் பழகினார்கள்.

இன்று தமிழகப் பாடத்திட்டத்தில் பிளஸ் 1 மாணவர்கள் படிக்கும் சி++ மொழியில் இரண்டும் உண்டு. பாடநூல் இதை ‘மடக்கு’ என்கிறது. பிளஸ் 2-வில் வரும் பைத்தான் மொழியில் முன்னால் கேட்கும் ‘வைல்’ மட்டும்தான். பின்னால் கேட்க வேண்டுமென்றால் லூப்பின் நடுவே ‘பிரேக்’ போட்டுச் சமாளிக்க வேண்டும்.

தமிழ் ‘வரை’யில் இருக்கும் சிக்கல்

எக்ஸெல்லில் 1993-ல் சேர்க்கப்பட்ட விபிஏ மொழியில் ‘டூ வைல்’, ‘டூ அன்டில்’ இரண்டுமே உண்டு. புதிதாக மேக்ரோ எழுதுகிறவர்கள் பலர் தடுமாறும் இடம் இது. தமிழில் யோசித்தால் தடுமாற்றத்துக்குக் காரணம் ஒன்று கூடுகிறது.

‘மழை பெய்யும் வரை காத்திரு’ என்று ஒருவர் சொன்னால் என்ன அர்த்தம்? பஸ் ஸ்டாப்பில் ஒதுங்கி நிற்பவரிடம் சொன்னால், மழை பெய்துகொண்டிருக்கும் வரை நில், நின்றதும் போ. விதை விதைக்கப் போகும் விவசாயியிடம் சொன்னால், மழை வரும் வரை பொறு, வந்ததும் விதை. ஒரே வாக்கியம், நேர் எதிரான இரண்டு கட்டளைகள். நாம் இடம் பார்த்துப் புரிந்துகொள்வோம். கம்ப்யூட்டருக்கு அந்த வித்தை தெரியாது.

‘வைல்’ என்றால் ‘இருக்கும் வரை’. நிபந்தனை உண்மையாக இருக்கும் வரை சுற்றும். ‘அன்டில்’ என்றால் ‘ஆகும் வரை’. நிபந்தனை உண்மையானதும் நின்றுவிடும். கூண்டு உதாரணத்தில், ‘வைல் கூண்டு > 0’ என்பதும் ‘அன்டில் கூண்டு <= 0’ என்பதும் ஒன்றுதான். ஒன்றில் இருந்து மற்றொன்றுக்கு மாறும்போது நிபந்தனையைத் தலைகீழாக்க வேண்டும். அதைச் செய்யாமல் சொல்லை மட்டும் மாற்றினால், புயல் அடிக்கும்போது ‘படகை இறக்கலாம்’ என்று புரோகிராம் சொல்லும்.

இரண்டு நிபந்தனைகள் சேர்ந்து வந்தால் இன்னும் கவனம் தேவை. மேலே உள்ள மீன் புரோகிராமில் ஒரு ஓட்டை இருக்கிறது. அன்றைக்கு மீனே படவில்லை என்றால்? 50 கிலோ சேரவே சேராது. புரோகிராம் கரைக்குத் திரும்பச் சொல்லாது. ஒவ்வொரு சுற்றிலும் எரிபொருள் அளவையும் கேட்டு, கடைசி வரியை இப்படி மாற்ற வேண்டும்.

50 அன்டில் மொத்தம் >= 50 ஆர் எரிபொருள் <= 5

இதையே ‘வைல்’ ஆக்கினால், ‘மொத்தம் < 50 ஆண்ட் எரிபொருள் > 5’ என்று வரும். குறிகள் மாறியதோடு, ‘அல்லது’ என்பது ‘மற்றும்’ ஆகிவிட்டதைக் கவனியுங்கள். திரும்புவதற்கு ஏதாவது ஒரு காரணம் போதும். தொடர்வதற்கு இரண்டுமே சரியாக இருக்க வேண்டும். இதை மறந்து ‘ஆர்’ என்றே விட்டால், எரிபொருள் தீர்ந்த பிறகும் மீன் சேரவில்லை என்று சொல்லி லூப் தொடரும்.

முத்தையா அண்ணாமலை உருவாக்கிய ‘எழில்’ என்ற தமிழ் நிரல்மொழியில் ‘வைல்’ கட்டளைக்கான சொல்லே ‘வரை’தான். நிபந்தனையை அடைப்புக்குறிக்குள் எழுதி, பின்னால் ‘வரை’ என்று போட வேண்டும். லூப் முடியும் இடத்தில் ‘முடி’. அந்த ‘வரை’யை ‘இருக்கும் வரை’ என்றே படிக்க வேண்டும்.

லூப் நிற்காமல் போவது ஏன்?

நிபந்தனை சரியாக இருந்தும் லூப் நிற்காமல் போகலாம். லூப்புக்குள் நடக்கும் வேலை அந்த நிபந்தனையைத் தொடவே இல்லையென்றால், கேள்விக்குப் பதில் என்றைக்கும் மாறாது. கூண்டு புரோகிராமில் 40-வது வரியை விட்டுவிட்டால் நடப்பது இதுதான். முதல் நாள் கேட்ட எண்ணையே வைத்துக்கொண்டு ‘கடலுக்குப் போக வேண்டாம்’ என்று திரை முழுக்க அடித்துக்கொண்டே இருக்கும்.

இது மாணவர்கள் மட்டும் செய்யும் தவறு இல்லை. 2008 டிசம்பர் 31 அன்று, மைக்ரோசாஃப்டின் ‘ஜூன்’ 30 ஜிபி மியூசிக் பிளேயர்கள் உலகெங்கும் ஒரே நாளில் உறைந்தன. காரணம், தேதியைக் கணக்கிடும் ஒரு ‘வைல்’ லூப்.

1980-ல் இருந்து எத்தனை நாள் ஆனது என்ற எண்ணை வைத்துக்கொண்டு, இது எந்த ஆண்டு என்று அது கண்டுபிடிக்க வேண்டும். நாள் எண்ணிக்கை 365-க்கு மேல் இருக்கும் வரை, ஆண்டுக்கு 365 நாளைக் கழித்துக்கொண்டே போகும். லீப் ஆண்டு என்றால், எண்ணிக்கை 366-க்கு மேல் இருந்தால் மட்டும் 366-ஐக் கழிக்கும்.

2008 லீப் ஆண்டு. அதன் கடைசி நாளில் மீதி இருந்த எண் சரியாக 366. அது 365-ஐவிடப் பெரியது என்பதால் லூப் வெளியே விடவில்லை. 366-ஐவிடப் பெரியது இல்லை என்பதால் உள்ளே கழிக்கவும் இல்லை. எதுவும் மாறாமல் அதே எண்ணோடு திரும்பத் திரும்பச் சுற்றியது. பேட்டரி தீரட்டும், ஜனவரி 1 பிறந்த பிறகு சார்ஜ் போட்டு ஆன் செய்யுங்கள் என்பதுதான் நிறுவனம் பயனாளர்களுக்குச் சொன்ன வழி. மறுநாள் எண்ணிக்கை 367 ஆனதால் லூப் தானாக வேலை செய்தது.

நான்கு ஆண்டுக்கு ஒருநாள் மட்டும் தலைகாட்டும் பிழை இது. சாதாரண நாட்களில் சோதித்துப் பார்த்தால் சிக்காது. அதனால்தான் 364, 365, 366, 367 என்று எல்லையில் இருக்கும் எண்களைக் கொடுத்துச் சோதிக்கச் சொல்கிறார்கள்.

சத்தமில்லாமல் நிற்கும் லூப்

நிற்காத லூப் ஒருவகையில் நல்லது. திரை உறைந்ததும் ஏதோ தப்பு என்று தெரிந்துவிடும். எக்ஸெல்லில் எஸ்கேப் அல்லது கன்ட்ரோல்-பிரேக் அழுத்தி நிறுத்திவிடலாம். நிற்க வேண்டிய இடத்துக்கு முன்பே நின்றுவிடும் லூப் எந்தச் சத்தமும் போடாது.

ஒரு ஆபீஸில் 200 பேருக்கான சம்பளப் பட்டியல் எக்ஸெல்லில் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். ‘காலியான செல் வரும் வரை ஒவ்வொரு வரியாகக் கூட்டு’ என்பது மேக்ரோ. யாரோ ஒருவர் பார்வைக்கு அழகாக இருக்கட்டுமே என்று 120-வது பெயருக்குக் கீழே ஒரு வரியைக் காலியாக விட்டிருக்கிறார். மேக்ரோ அந்த இடத்தில் நின்று, ‘வேலை முடிந்தது’ என்று ஒரு மொத்தத் தொகையைக் காட்டும். மீதி 80 பேர் கணக்கில் இல்லை. பிழைச் செய்தி எதுவும் வராது. ஏனென்றால், கம்ப்யூட்டரைப் பொறுத்தவரை பிழையே இல்லை. கேட்ட கேள்விக்குச் சரியாகத்தான் பதில் சொல்லியிருக்கிறது.

இதற்குப் பழக்கமான தீர்வு, கடைசி வரி எது என்று முதலிலேயே கண்டுபிடித்து, அதுவரை ‘ஃபார்’ லூப் ஓட்டுவது. எண்ணிக்கை தெரிந்துகொள்ள வழி இருக்கும்போது ‘வைல்’ தேவையில்லை.

சமம் என்று கேட்பதில் உள்ள ஆபத்து

இன்னொரு பொறியும் உண்டு. 0-வில் தொடங்கி 0.1 கிலோவாகக் கூட்டிக்கொண்டே போய், ‘எடை 1-க்குச் சமம் ஆகும் வரை’ நிற்காதே என்று விபிஏ-வில் எழுதினால் என்ன ஆகும்? பத்து முறை கூட்டியதும் நிற்கும் என்றுதான் தோன்றும். நிற்காது. 0.1 என்ற பின்னத்தைக் கம்ப்யூட்டரின் இரும எண் முறையில் துல்லியமாக எழுத முடியாது. பத்து முறை கூட்டினால் 1-க்கு மிக மிக அருகில் வரும். சரியாக 1 ஆகாது. அடுத்த சுற்றில் 1.1-ஐ ஒட்டிய எண்ணாகி, 1-ஐத் தாண்டிப் போய்க்கொண்டே இருக்கும்.

இதனால், பின்ன எண்கள் வரும் இடத்தில் ‘சமமா?’ என்று கேட்பதைவிட, ‘எட்டிவிட்டதா, தாண்டிவிட்டதா?’ என்று கேட்பது பாதுகாப்பு. அப்படிக் கேட்டாலும் ஒரு சுற்று கூடிவிடலாம். எடையைக் கிராமிலும் பணத்தைப் பைசாவிலும் முழு எண்ணாக வைத்துக்கொண்டால் அந்தச் சிக்கலும் இல்லை.

எழுதும் முன் கேட்க வேண்டிய 5 கேள்விகள்

பேசிக்கோ பைத்தானோ, நிபந்தனை லூப் எழுதும் முன் இவற்றைக் காகிதத்தில் எழுதிப் பார்த்துவிடலாம்.

1. எத்தனை முறை என்று முன்பே தெரியுமா? தெரிந்தால் ‘ஃபார்’ போதும்.

2. இது ‘இருக்கும் வரை’யா, ‘ஆகும் வரை’யா? தமிழில் முழு வாக்கியமாகச் சொல்லிப் பாருங்கள்.

3. ஒருமுறைகூட ஓடாமல் போனால் பரவாயில்லையா? பரவாயில்லை என்றால் கேள்வி முன்னால். ஒருமுறையாவது ஓட வேண்டும் என்றால் பின்னால்.

4. லூப்புக்குள் எந்த வரி நிபந்தனையை மாற்றுகிறது? விரலை வைத்துக் காட்ட முடியாவிட்டால் லூப் நிற்காது. எல்லா வழியிலும் அது மாறுகிறதா என்றும் பாருங்கள். ‘ஜூன்’ பிளேயரில் மூன்று வழிகளில் ஒன்று மட்டும்தான் விடுபட்டிருந்தது.

5. வெளியே வந்ததும், என்ன காரணத்தால் வந்தது என்று தெரியுமா? மீன் சேர்ந்ததால் கரைக்குத் திரும்புவதும், எரிபொருள் தீரப்போவதால் திரும்புவதும் ஒன்றல்ல. லூப்புக்கு அடுத்த வரியில் ஒரு ‘இஃப்’ போட்டு அதைக் கேட்டுவிடுங்கள்.